கேன்வாஸ் ஓவியங்களைக் கைவினைச் சந்தைத் தளத்தில் விற்பது: பார்ப்பவர் உண்டு, வாங்குபவர் இல்லை

கரித்துண்டு:

வணக்கம். எட்ஸியில் ஓவியக் கடை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. மொத்தம் 14 லிஸ்டிங். எட்டு எண்ணெய் வண்ணம், ஆறு அக்ரிலிக். எல்லாமே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். சிறியது 30×40 செ.மீ., பெரியது 60×80 செ.மீ. இதுவரை 900 சொச்சம் பார்வை, 40 பேர் விருப்பப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், விற்றது ஒன்றே ஒன்று. அதுவும் வண்ணத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. அது அக்ரிலிக் ஓவியம், நேரடியாக பபிள் ராப் சுற்றி அனுப்பியது.

படம் எடுப்பதில் என்ன தவறு என்று பிடிபடவில்லை. ஜன்னல் ஓரம் வைத்து போனில் எடுக்கிறேன், சிவப்பு எப்போதும் மங்கலாகவே வருகிறது. விலையை எந்த அடிப்படையில் வைப்பது? இப்போது மணிக்கணக்குப் பார்த்து வைக்கிறேன், அதனால் சிறிய ஓவியம் ஒன்று பெரியதைவிட விலை கூடி நிற்கிறது. பெரிய கேன்வாஸுக்குக் கூரியர் கட்டணம் கேட்டால் ஓவியத்தின் விலையில் பாதி சொல்கிறார்கள். பிரிண்டும் சேர்த்து விற்கலாமா, அல்லது ஒரிஜினலின் மதிப்பு குறைந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


சாய்வொளி:

பார்வை 900, விருப்பம் 40 என்றால் உங்கள் ஓவியம் கண்ணில் படுகிறது, பிடிக்கவும் செய்கிறது. கடைசிப் படியில் நின்றுவிடுகிறார்கள். ஓவியம் வாங்குபவருக்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: நேரில் எவ்வளவு பெரியது, மேற்பரப்பு எப்படி இருக்கும், சுவரில் மாட்ட அது தயாரா. இந்த மூன்றுக்கும் படம் பதில் சொல்லாவிட்டால் இதயக் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் வெளிச்சம். ஜன்னல் ஒளி ஒரு பக்கம் நீலம், அறை விளக்கு மறுபக்கம் மஞ்சள் என்று கலந்து விழுந்தால் எந்த மென்பொருளிலும் சரிசெய்ய முடியாது. ஜன்னலை மூடிவிட்டு ஒரே மாதிரி இரண்டு விளக்கு வையுங்கள். ஒளியின் நிறம் 5000 முதல் 5500 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 95-க்கு மேல். சிவப்பு மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் மலிவான எல்இடியின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு அலைநீளம் குறைவாக இருப்பதுதான். விளக்கில் இல்லாத நிறத்தை வண்ணம் திருப்பி அனுப்ப முடியாது. விளக்குப் பெட்டியில் ஆர்9 என்ற எண் (ஆழ்ந்த சிவப்புக்கான அளவு) தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள், 90-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு விளக்கும் ஓவியத்துக்கு 45 டிகிரியில், இடமும் வலமும், ஓவியத்தின் மூலைவிட்டத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில். உங்கள் 60×80 கேன்வாஸின் மூலைவிட்டம் சரியாக 100 செ.மீ., ஆக விளக்குகள் 2 மீட்டர் தள்ளி. வெளிச்சம் சமமாக விழுகிறதா என்று பார்க்க நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே வெள்ளைத் தாளின் துண்டுகளை வைத்து ஒரு படம் எடுங்கள். எடிட்டிங்கில் அந்த ஐந்து இடத்தின் மதிப்பையும் பாருங்கள். 0 முதல் 255 வரையான அளவில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விளக்கை நகர்த்துங்கள்.

கேமரா ஓவியத்துக்கு நேராக இல்லாவிட்டால் செவ்வகம் சரிவகமாக வரும். இதற்கு எளிய வழி: ஓவியத்தின் நடுவில் சிறிய கண்ணாடி ஒன்றைப் படிய வையுங்கள் (முகம் பார்க்கும் கண்ணாடி போதும், அடியில் மெல்லிய துணி). வியூஃபைண்டரில் பார்க்கும்போது உங்கள் லென்ஸின் பிம்பம் அந்தக் கண்ணாடியின் நடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. தெரியும்வரை முக்காலியை அசைத்துக்கொண்டே இருங்கள். அளவுகோல், மட்டப்பலகை எதையும்விட இது துல்லியம்.

கேமரா இருந்தால் 50 முதல் 100 மி.மீ. லென்ஸ், எஃப்8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல், இரண்டு நொடி டைமர். போன்தான் என்றால் அகலக் கோண லென்ஸை விட்டு 2 மடங்கு லென்ஸுக்கு மாறித் தள்ளி நின்று எடுங்கள். முதல் ஷாட்டில் சாம்பல் அட்டையை ஓரத்தில் வைத்து எடுத்து, வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து மற்ற எல்லாப் படத்துக்கும் பொருத்துங்கள். தளத்தில் ஏற்றும்போது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பு). அடோபி ஆர்ஜிபியில் ஏற்றினால் பல இடங்களில் நிறம் வெளுத்துத் தெரியும், தவறு எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். தாலோ டர்க்காய்ஸ், காட்மியம் ஆரஞ்சு போன்ற வண்ணங்கள் எஸ்ஆர்ஜிபி வரம்புக்கு வெளியே போகக்கூடியவை. அப்படிப்பட்ட ஓவியத்துக்கு, "நேரில் இந்த நீலம் திரையில் தெரிவதைவிடத் தெளிவாக இருக்கும்" என்று விவரத்திலேயே எழுதிவிடுங்கள். நிறம் வேறு என்று வரும் புகார்களில் நிறைய இங்கேயே நின்றுவிடும்.

வார்னிஷ் போட்ட ஓவியம் பளபளத்தால் இரண்டு விளக்கிலும் ஒரே திசையில் போலரைசிங் ஃபிலிம், லென்ஸில் ஒரு போலரைசர், அதை 90 டிகிரி திருப்புங்கள். பளபளப்பு முழுக்கப் போய்விடும். கூடவே தூரிகைத் தடத்தின் மேடு பள்ளமும் போய்விடும், அதனால் கத்தியால் தடிப்பாக வண்ணம் அப்பிய ஓவியங்களுக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில், ஓவியத்தோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வைத்து, ஒரு கையகலப் பகுதியை நெருங்கி எடுங்கள். வண்ணத்தின் விளிம்பு நிழல் விழுத்தி நிற்கும் அந்த ஒரு படம்தான் இது பிரிண்ட் அல்ல, கையால் வரைந்தது என்று சொல்லும். கைவினைத் தளத்துக்கு வருபவர் தேடி வருவதே அதைத்தான்.

ஆக ஒரு லிஸ்டிங்குக்கு: நேர்ப் படம், நெருக்கப் படம், பக்கவாட்டு விளிம்பு (கேன்வாஸ் ஓரம் வரைந்ததா வெள்ளையா என்று கட்டாயம் கேட்பார்கள்), பின்பக்கம் கம்பியோடு, கையெழுத்து, ஓவியத்தைக் கையில் பிடித்து நிற்கும் படம், சுவரில் ஒரு நாற்காலிக்கு மேலே மாட்டிய படம். சுவர்ப் படத்தை மென்பொருளில் ஒட்டினால் அளவு சரியா என்று இரண்டு முறை பாருங்கள். 30 செ.மீ. ஓவியத்தைச் சோபா அகலத்துக்குக் காட்டிவிட்டால் பொருள் திரும்பித்தான் வரும். முதல் படத்தில் ஓவியத்தைச் சுற்றிச் சுவர் கொஞ்சம் தெரியட்டும். தேடல் பக்கத்தில் தளம் ஓரத்தை வெட்டிக் காட்டும்போது வெட்டுப்படுவது சுவராக இருக்கட்டும்.

டேக் பற்றி ஒரு வார்த்தை. எட்ஸியில் ஒரு லிஸ்டிங்குக்கு 13 டேக் (தேடல் சொல்), ஒவ்வொன்றுக்கும் 20 எழுத்து. ஆங்கிலத்தில் "ஒரிஜினல் ஆயில் பெயிண்டிங்" என்று எழுதினால் இடைவெளியோடு 21 எழுத்து, உள்ளே போகாது. "ஒரிஜினல் ஆயில் ஆர்ட்" 16, போகும். முழுச் சொற்றொடரைத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 140 எழுத்து இடம் உண்டு. ஓவியத்துக்கு நீங்கள் வைத்த கவித்துவமான பெயரை யாரும் தேட மாட்டார்கள், அதைத் தலைப்பின் கடைசிக்குத் தள்ளுங்கள். என்ன வரைந்திருக்கிறது, எந்த ஊடகம், என்ன அளவு, முதன்மை நிறம் என்ன: தேடுபவர் தட்டுவது இவைதான்.


வரவுசெலவு:

விலைக்கு மட்டும் சொல்கிறேன். மணிக்கணக்கு உங்களுக்கான உள்கணக்கு. வாங்குபவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரே கடையில் சிறியது விலை கூடி, பெரியது குறைந்து நின்றால், பெரியதில் ஏதோ குறை என்று நினைப்பார்கள்.

அளவை வைத்துப் போடுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று பரப்பளவு, இன்னொன்று நீளமும் அகலமும் கூட்டிய அளவு. உங்கள் 30×40 பரப்பளவில் 1200, 60×80 என்பது 4800. விலை நான்கு மடங்கு ஆகிவிடும். கூட்டல் முறையில் 70-க்கு 140, இரண்டு மடங்கு. பரப்பளவு முறையில் சிறியவை ஒன்றுக்கும் ஆகாத விலைக்கும் பெரியவை எட்டாத விலைக்கும் போகும். கூட்டல் முறையில் பெரியதில் பொருள் செலவு சரியாக ஏறாது. ஆகவே கூட்டல் அளவு பெருக்கல் உங்கள் விகிதம், அதோடு கேன்வாஸ், சட்டம், வண்ணம், வார்னிஷ் இவற்றின் அசல் செலவைத் தனியாகக் கூட்டுவது நன்று. எண்ணெய்க்கு ஒரு விகிதம், அக்ரிலிக்குக்கு ஒரு விகிதம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஊடகம், ஒரே அளவு என்றால் ஒரே விலை. "இது எனக்கு மிகவும் பிடித்த ஓவியம்" என்பதற்காக ஒன்றை மட்டும் ஏற்ற வேண்டாம். பிடித்ததென்றால் விற்பனைக்கு வைக்காதீர்கள்.

இனிப் பிடித்தம். எட்ஸியில் ஒரு லிஸ்டிங்குக்கு 20 அமெரிக்க சென்ட், நான்கு மாதத்துக்கு. உங்கள் 14-ம் ஒரு முறை புதுப்பித்திருக்கும், கணக்கில் பாருங்கள். விற்றால் 6.5 சதவீதம், 2022 ஏப்ரலில் 5-லிருந்து ஏறியது. நிறையப் பேர் தவறவிடுவது: இந்த 6.5 ஓவிய விலைக்கு மட்டுமல்ல, நீங்கள் வாங்கும் ஷிப்பிங் கட்டணத்துக்கும் சேர்த்து. பணம் வாங்கித் தரும் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் விலை போடும் நாணயமும் உங்கள் கணக்கின் நாணயமும் வேறானால் மாற்றுக்கு இன்னும் 2.5 சதவீதம்.

அதோடு தளத்துக்கு வெளியே காட்டும் விளம்பரம். அதைச் சொடுக்கி வந்தவர் 30 நாளுக்குள் வாங்கினால் 15 சதவீதம் தனி. 12 மாத விற்பனை 10,000 டாலரைத் தாண்டாதவரை இதை அணைத்துவிடலாம். தாண்டினால் அணைக்க முடியாது, விகிதம் 12 ஆகும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஓவியம் 100, ஷிப்பிங் 20, வாங்குபவர் தருவது 120. விற்பனைப் பிடித்தம் 7.80. பணப் பட்டுவாடா 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4.80. கூரியருக்கு 20, பேக்கிங் பொருளுக்கு 6. கையில் நிற்பது 81.40. அதே விற்பனை விளம்பரம் வழியாக வந்தால் 18 போய் 63.40. கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும் போட்டது இதற்குள்ளேதான். விலை வைக்கும்போது 81-ஐப் பார்க்காதீர்கள், 63-ஐப் பார்த்து வையுங்கள். அந்தத் தொகைக்கு இந்த ஓவியத்தைத் தரச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விலையை ஏற்றுங்கள், அல்லது விளம்பரத்தை அணையுங்கள்.

கேலரியிலும் தொங்குகிறது என்றால் அங்கே என்ன விலையோ அதே விலைதான் இணையத்திலும். அவர்கள் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள், இங்கே பிடித்தம் குறைவுதானே என்று இணையத்தில் குறைத்தால் கேலரி உங்களைத் திரும்பக் கூப்பிடாது.


மரச்சட்டம்:

சகோ, அந்தக் குமிழ்த் தடம் ஏன் வந்ததுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. அக்ரிலிக் வண்ணம் காய்ஞ்ச பிறகும் பிளாஸ்டிக் மாதிரிதான். சூடு ஏறினா இளகும், குளிர்ந்தா இறுகும். மூடின வண்டிக்குள்ள வெயில்ல நிக்கும்போது மேற்பரப்பு இளகி, பபிள் ராப்போட குமிழ் அழுந்தி, ராத்திரி குளிர்ந்ததும் அப்படியே நின்னுடும். பபிள் ராப்ல தப்பில்ல, அது வண்ணத்தைத் தொட்டதுதான் தப்பு. வண்ணத்தை எதுவுமே அழுத்தக் கூடாது, இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மத்தது எல்லாம் தன்னால வரும்.

நான் சொல்ற வரிசை: ஓவியத்து மேல கிளாசின் பேப்பர் (வழவழப்பான மெல்லிய காப்புத் தாள்) ஒரு சுத்து, பின்பக்கம் டேப். டேப் கேன்வாஸ்ல படக் கூடாது, பேப்பர் பேப்பரோடயே ஒட்டணும். நாலு மூலைக்கும் அட்டைய மடிச்சு மூலைக் காப்பு. அந்தக் காப்பு வண்ண மேற்பரப்பைவிட ஒரு சென்டிமீட்டராவது உயர்ந்து நிக்கணும். அது மேல ஓவியத்தோட அதே அளவுக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு. இப்ப ஃபோம் போர்டு மூலையில மட்டும் உக்காந்திருக்கும், நடுவுல காத்துதான். கேன்வாஸோட பின்பக்கமும் மறந்துடாதீங்க, சட்டத்துக்குள்ள பள்ளமா இருக்கே, அங்க ஏதாவது குத்தினா முன்னாடி மேடு தள்ளும். சட்டத்து அளவுக்கு ஒரு அட்டைய வெட்டிப் பின்னாடி மூடுங்க. மாட்டுற கம்பி, வளையம் இருந்தா கழட்டி சின்ன உறையில போட்டுப் பின் அட்டையில ஒட்டுங்க.

அப்புறம் மொத்தத்தையும் பாலித்தீன் பைக்குள்ள, வாய டேப் போட்டு மூடி. இது மழைக்கு. அதுக்கு மேலதான் பபிள் ராப் ரெண்டு சுத்து, குமிழ் வெளிப்பக்கம் பாத்து. பெட்டி அஞ்சு அடுக்கு அட்டை, மூணு அடுக்கு வேண்டாம், அது நடுவுல மடங்கும். சுத்தி இடைவெளியெல்லாம் நிரப்பணும். மூடினதும் காதுக்குப் பக்கத்துல வெச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது நகர்ற சத்தம் வந்தா பிரிச்சுத் திரும்பக் கட்டுங்க. நியூஸ்பேப்பர் நிரப்பாதீங்க, மை இறங்கும்.

கட்டும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு போட்டோ, மூடின பெட்டியோட ஆறு பக்கமும் போட்டோ. இழப்பீடு கேட்கும்போது முதல் கேள்வியே "எப்படிக் கட்டினீங்க"தான். அதோட, நிறைய கூரியர்கள் ஓவியத்துக்குப் பொறுப்பை ரொம்பக் குறைச்சு வெச்சிருப்பாங்க, சிலது ஏத்துக்கவே மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் பணம் கட்டுறதுக்கு முன்னாடி விதியில "கலைப்பொருள்"னு வர்ற வரிய மட்டுமாவது படிச்சுடுங்க. பணம் வாங்கிட்டு அப்புறம் அந்த வரியக் காட்டுவாங்க.

கூரியர் கட்டணம் ஏன் பாதி விலை வருதுன்னா, அவங்க எடைய மட்டும் பாக்கறதில்ல, அடைச்சுக்கிற இடத்தையும் பாக்கறாங்க. நீளம், அகலம், உயரம் செ.மீ.ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்றது கன எடை. இதுவும் நிஜ எடையும் எது பெருசோ அதுக்குக் கட்டணம். உங்க 60×80 பெட்டி 72×92×12 ஆகுதுன்னு வெச்சுக்குங்க. 15.9 கிலோ. நிஜத்துல 4 கிலோ கூட இருக்காது. அதையே 12-ஐ 8 ஆக்கினா 10.6 கிலோ. நீளம் அகலத்தை ஒண்ணும் செய்ய முடியாது, தடிமன்லதான் சேமிப்பு. அதனால ஓரத்துக்கு 5 செ.மீ. இடைவெளி விடுங்க, முகத்துக்கும் முதுகுக்கும் ஃபோம் போர்டு தாங்கிக்கும், அங்க பஞ்சு மாதிரி அடைக்க வேண்டாம்.

பெட்டிய உண்மையா கட்டிப் பாத்து அளந்துட்டு அப்புறம் லிஸ்டிங்ல ஷிப்பிங் போடுங்க. கேன்வாஸ் அளவை வெச்சு ஊகிச்சுப் போட்டா கையிலருந்துதான் போகும்.


நிறமி:

மரச்சட்டம் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். எண்ணெய் ஓவியத்துக்கு, நன்றாகக் காய்ந்திருந்தால், கிளாசின் சரி. அக்ரிலிக் மேல் கிளாசின் வேண்டாம். அதே வெப்பத்தில் அக்ரிலிக் கிளாசினோடும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பேப்பரின் நார் வண்ணத்தில் தங்கும். சிலிக்கோன் பூசிய ரிலீஸ் பேப்பர் (எதிலும் ஒட்டாத தாள்) போடுங்கள், பளபளப்பான பக்கம் வண்ணத்தைப் பார்த்து. வழவழப்பான வார்னிஷ் போட்ட அக்ரிலிக்குக்கு இது இன்னும் முக்கியம்.

திரும்பி வந்த ஓவியத்தை உடனே எறிந்துவிட வேண்டாம். தடம் ஆழமில்லை என்றால் சூடான அறையில் முகம் மேலே பார்க்கச் சில நாள் படுக்க வைத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்து மேலே வரலாம். தேய்க்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.

எண்ணெய் ஓவியத்தில் வேறு சிக்கல். எண்ணெய் வண்ணம் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை எடுத்துக் கெட்டியாகிறது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. அம்பர் (பழுப்பு மண் நிறமி) போட்ட இடம் சீக்கிரம் காயும், பாப்பி அல்லது சாஃப்ளவர் எண்ணெயில் அரைத்த வெள்ளை தாமதிக்கும். அதனால் ஒரே ஓவியத்தில் ஒரு மூலை தயார், இன்னொரு மூலை இளக்கம். அதிகம் தடித்த இடத்தில், ஓரமாக, நகத்தை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் அனுப்பக் கூடாது. வழக்கமான வார்னிஷுக்கு 6 முதல் 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் விற்றால், "இறுதி வார்னிஷ் இன்னும் போடவில்லை" என்று விவரத்தில் எழுதுங்கள். ஓவியம் வாங்கிப் பழகியவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எழுதாமல் விட்டால்தான் சங்கடம்.

நிறமியின் பெயரையும் எழுதச் சொல்வேன். வண்ணக் குழாயில் ஏஎஸ்டிஎம் ஒளித்தாங்கு தரம் 1 அல்லது 2 என்று இருந்தால் நம்பி விற்கலாம். அலிசரின் கிரிம்சனின் பழைய நிறமியான பிஆர்83, ஒளிரும் வண்ணங்கள் இவையெல்லாம் வெளிச்சத்தில் வெளுக்கும். வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் பொருள், அதை எதைக் கொண்டு வரைந்தோம் என்று சொல்வது கடமை.


கரித்துண்டு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விளம்பரத்தை இன்று பார்த்தேன், இயங்கிக்கொண்டுதான் இருந்தது. லிஸ்டிங் புதுப்பித்த கணக்கும் வரவுசெலவு சொன்னபடியே.

இன்னும் இரண்டு சந்தேகம். பெரிய கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி அனுப்பினால் கட்டணம் குறையுமா, ஓவியம் தாங்குமா? பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியவில்லை.


மரச்சட்டம்:

குறையும், நல்லாவே குறையும். 15×15×75 அளவு டியூப்னா கன எடை 3.4 கிலோதான். உருளையா இருந்தாலும் சதுரப் பெட்டி மாதிரிதான் கணக்குப் போடுவாங்க, அதையும் சேர்த்துச் சொல்றேன்.

வண்ணம் வெளிப்பக்கம் இருக்கற மாதிரி சுருட்டுங்க. எல்லாரும் பத்திரமா இருக்கட்டும்னு உள்பக்கம் வெச்சுச் சுருட்டுவாங்க, அதுதான் தப்பு. உள்பக்கம் வெச்சா வண்ணம் நெருக்கிச் சுருங்கி உரியும். வெளிப்பக்கம் வெச்சா லேசா விரியும், பிரிச்சுச் சட்டத்துல ஏத்தினதும் பழைய நிலைக்கு வந்துடும். டியூப் விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 7-8 செ.மீ. போஸ்டர் டியூப் காகிதத்துக்குத்தான். உள்ள ஒரு டியூப் மேல சுத்தி, அதை அதைவிடப் பெரிய டியூப்ல போட்டா அமுங்காது (அப்ப வெளி டியூப் அளவுக்குத்தான் கன எடை). வண்ணத்து மேல ரிலீஸ் பேப்பர், சேர்ந்தே சுருளணும்.

தடிப்பா வண்ணம் அப்பின ஓவியத்தைச் சுருட்டவே வேண்டாம். அக்ரிலிக்கைக் குளிர்ல சுருட்டாதீங்க, 10 டிகிரிக்குக் கீழ போனா விறைச்சு விரிசல் விடும். குளிர் தேசத்துக்கு அனுப்பினா, "பெட்டி வந்ததும் பிரிக்காம அறைக்குள்ள ஒரு நாள் வைங்க"ன்னு டியூப் மேலயே எழுதி ஒட்டுங்க. லிஸ்டிங்லயும் "சட்டம் இல்லாமல் சுருட்டி வரும், வாங்குபவர் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்"னு தெளிவா இருக்கணும். சட்டத்தோட வேணும்ங்கறவருக்கு அதே லிஸ்டிங்ல இன்னொரு தேர்வா கூடுதல் விலைக்கு வைங்க. கேன்வாஸ்ல சட்டத்தைச் சுத்தி மடிக்கற ஓரம் குறைஞ்சது 4-5 செ.மீ. இருக்கணும், இல்லைன்னா திரும்ப இழுத்துக் கட்ட முடியாது.


பருத்தித்தாள்:

பிரிண்ட் விற்பதால் ஒரிஜினலின் மதிப்பு குறையாது. இரண்டையும் ஒரே லிஸ்டிங்கில் குழப்பினால் குறையும். பிரிண்டின் தலைப்பில் "ஒரிஜினல்" என்ற சொல் எந்த வடிவிலும் வரக் கூடாது. தனி லிஸ்டிங், முதல் படத்தில் தாளின் வெள்ளை ஓரம் தெரிய வேண்டும், ஒரிஜினலில் சரக்கு எண்ணிக்கை 1.

சாய்வொளி சொன்ன முறையில் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால் 6000×4000 கிடைக்கும். ஏ3 தாள் 300 பிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) கேட்பது 4961×3508. ஆக ஏ3 வரை நிம்மதியாகப் போடலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஓவியத்தைப் பகுதி பகுதியாக எடுத்து இணைக்க வேண்டும். உங்கள் ஓவியங்கள் 3:4 விகிதம், ஏ3 அந்த விகிதம் இல்லை. வெட்டாமல் ஓரம் விட்டு அச்சிடுங்கள். கீழ் ஓரம் 3 செ.மீ. இருந்தால் பென்சிலில் கையெழுத்துப் போட வசதி.

ஜிக்லே (இங்க்ஜெட் கலை அச்சு) என்று எழுதுகிறார்களே, அந்தப் பெயரை 1991-இல் அச்சுக் கலைஞர் ஜாக் டுகேன் வைத்தார். அது தர முத்திரை அல்ல, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சொல்லை நம்பாமல் உள்ளடக்கத்தை எழுதுங்கள்: நிறமி மை, 100 சதவீதப் பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம், அமிலமற்றது. சாய மை என்றால் சீக்கிரம் வெளுக்கும்.

எண்ணிட்ட பதிப்பு என்றால் முதல் பிரதி விற்பதற்குமுன் மொத்த எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 50 என்றால் 50. தீர்ந்த பிறகு வேறு அளவில் இன்னொரு 50 என்று தொடங்குவது முதலில் வாங்கியவருக்குச் செய்யும் துரோகம். வேறு அளவும் வரும் என்றால் அதை முதலிலேயே அறிவியுங்கள். ஓவியர் பிரதி என்று தனியாக எடுப்பது பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அச்சை வெளியே கொடுத்துப் போடுகிறீர்கள் என்றால் எட்ஸியில் அதை உற்பத்திப் பங்குதாரர் பகுதியில் காட்ட வேண்டும், மறைத்தால் லிஸ்டிங் போய்விடும்.

சுங்கம்: கையால் முழுக்க வரைந்த ஓவியத்துக்கு எச்எஸ் கோடு (பொருளை வகைப்படுத்தும் சர்வதேச சுங்க எண்) 9701. 2022 திருத்தத்துக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை தனியாகப் பிரிந்தன, உங்களுடையது 9701.91. பிரிண்ட் அதில் வராது, 4911.91. தகட்டில் கையால் செதுக்கி எடுக்கும் எச்சிங், லித்தோ இவை 9702. பல நாடுகளில் 9701-க்கு வரி இல்லை அல்லது குறைவு, ஆகவே பிரிண்ட்டை 9701 என்று எழுதுவது மாட்டிக்கொள்ளும் வேலை. அதேபோல ஒரிஜினலை 4911 என்று எழுதினால் வாங்குபவர் வீணாக வரி கட்ட நேரலாம்.

அஞ்சலில் சிறு பொதிக்கு 300 எஸ்டிஆர் (சர்வதேசக் கணக்கு அலகு) மதிப்பு வரை சிஎன்22 சுங்கப் படிவம், அதற்கு மேல் சிஎன்23. விவரத்தில் "கலை" என்று மட்டும் எழுதினால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். "கையால் வரைந்த ஒரிஜினல் எண்ணெய் ஓவியம், கேன்வாஸ், வரைந்தவர் கையெழுத்துடன், ஆண்டு இது" என்று எழுதுங்கள். மதிப்பு, வாங்குபவர் கொடுத்த விலைதான். "பரிசு" என்று போடச் சொல்லி வாங்குபவரே கேட்பார், மறுத்துவிடுங்கள். பொருள் தொலைந்தால் படிவத்தில் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு காசு வராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோவுக்குள் என்றால் 2021 ஜூலை முதல் மதிப்புக்கூட்டு வரியைத் தளமே வாங்கிவிடுகிறது. ஆர்டரில் வரும் ஐஓஎஸ்எஸ் எண்ணை (அந்த வரி கட்டியாயிற்று என்று காட்டும் எண்) கூரியரின் மின்னணுப் படிவத்தில் ஏற்றுங்கள். பெட்டி மேல் பேனாவால் எழுதினால் போதாது, வாங்குபவரிடம் இரண்டாவது தடவை வரி கேட்பார்கள்.

மரப்பெட்டியில் அனுப்பினால் ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம் அது. பிளைவுட் பெட்டிக்குத் தேவையில்லை. உங்கள் கேன்வாஸ் சட்டம் பொருளின் பகுதி, அதற்கும் தேவையில்லை.

கடைசியாகக் காப்புரிமை. ஓவியத்தை விற்றாலும் அதை அச்சிடும் உரிமை, எழுதிக் கொடுக்காதவரை, உங்களிடமே இருக்கும். வாங்குபவருக்குத் தரும் சான்றிதழில் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, கையெழுத்தோடு இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் யாருடைய புகைப்படத்தையாவது பார்த்து வரைந்திருந்தால் இதே சட்டம் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். அந்த 14-இல் அப்படி ஏதாவது இருக்கிறதா?


கரித்துண்டு:

இரண்டு இருக்கிறது. பறவை ஓவியங்கள். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்தவை. எடுத்தவர் பெயர் தெரியாது.


பருத்தித்தாள்:

அந்த இரண்டையும் இன்றைக்கே லிஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். படத்தைத் தலைகீழ்த் தேடலில் போட்டால் எடுத்தவர் பெரும்பாலும் கிடைத்துவிடுவார். எழுதிக் கேளுங்கள், ஒரு ஓவியத்துக்கு அனுமதி தருபவர்கள் நிறையப் பேர். வந்த பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றுங்கள். பிரிண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள், ஒரிஜினலுக்குக் கொடுத்த அனுமதி அச்சுக்குச் செல்லாது. பதில் வரும்வரை மீதி 12-க்கும் புதுப் படம் எடுக்கத் தொடங்கலாம்.